ரக்பியில் அட்வான்டேஜ்: ரெஃப்ரி எதுவரை விடலாம்?

பாளையங்கோட்டைப் பக்கம் ரக்பி பார்க்க வருகிறவர்களில் பலர் கபடியில் ஊறியவர்கள். தப்பு நடந்தால் அந்த நொடியே விசில் கேட்க வேண்டும் அவர்களுக்கு. பந்து கைதவறி முன்னால் விழுந்த பிறகும் ரெஃப்ரி ஊதாமல் இடுப்பு உயரத்தில் ஒரு கையை நீட்டிக்கொண்டு ஓடினால், “ஊதும்வே, விசிலு தொண்டையில சிக்கிட்டா?” என்று கோட்டுக்கு வெளியிலிருந்து சத்தம் வரும். சில நாள் அந்தச் சத்தத்தில் பயிற்சியாளர் குரலும் இருக்கும். அவருக்காகவும், புதிதாக ரக்பிக்கு விசில் எடுக்கிற பி.டி. மாஸ்டர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ரெஃப்ரி தப்பைப் பார்த்துவிட்டார். நிறுத்துவதைவிட ஆடவிட்டால் தப்புச் செய்யாத அணிக்கு லாபமா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். இதற்குப் பெயர்தான் அட்வான்டேஜ். லாபம் வந்தால் பழைய தப்புக்கு இனி விசில் இல்லை. வராவிட்டால் தப்பு நடந்த இடத்துக்கே திரும்புவோம். கால்பந்தில் இதற்குச் சில நொடிகள்தான். ரக்பியில் இத்தனை நொடி, இத்தனை பாஸ் என்று விதிப் புத்தகத்தில் எங்கும் கிடையாது. 7-ஆவது விதி சொல்வது இதுதான்: ஆட்டம் தப்புச் செய்த அணியின் பக்கமாக முன்னேறியிருக்க வேண்டும், அல்லது பந்தை வைத்திருப்பவர்கள் நினைத்தபடி ஆட முடிந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் அந்த லாபம் தெளிவாக இருக்க வேண்டும். வாய்ப்பு கிடைத்தது என்பது மட்டும் போதாது.

அப்போ எவ்வளவு நேரம்? ஊதியிருந்தால் அந்த அணிக்கு என்ன கிடைத்திருக்கும் என்று முதலில் யோசிப்பேன். பந்தை முன்னால் தவறவிட்ட நாக்-ஆனுக்குக் கிடைப்பது ஒரு ஸ்க்ரம், இரண்டு அணியும் தோள் கோத்து முட்டித் தள்ளிப் பந்தை எடுப்பது. அதாவது பந்து கைக்கு வர நல்ல வாய்ப்பு. அந்தப் பந்து ஏற்கெனவே சுத்தமாகக் கைக்கு வந்து, பக்கத்தில் ஆளில்லாமல் ஒன்றிரண்டு பாஸ் போய்விட்டால் ஸ்க்ரமின் மதிப்பு தீர்ந்தது. “ஓவர்” சொல்லிவிடலாம்.

இதில் அதிகம் தகராறு வருவது உதையில்தான். நடு மைதானத்தில் சிவப்பு அணி பந்தைத் தவறவிடுகிறது. நீல அணிப் பையன் எடுத்து, நிமிர்ந்து பார்த்து, ஆற அமரப் பந்தை ஆழமாக உதைக்கிறான். அது நேராக எதிராளி கையில் போய் விழுகிறது. உடனே நீல அணி கேப்டன், “சார், நாக்-ஆன் இருந்துச்சே, ஸ்க்ரம் குடுங்க சார்” என்பான். கிடையாது தம்பி. நெருக்க ஆளே இல்லாதபோது நீயாகத் தேர்ந்தெடுத்து உதைத்தாய். அட்வான்டேஜ் அங்கேயே முடிந்தது. அதே பையன் மேல் இருவர் பாய்ந்து வரும்போது வேறு வழியில்லாமல் உதைத்திருந்தால் ஸ்க்ரமுக்குத் திரும்பியிருப்பேன். ரெஃப்ரி அந்த நேரம் பந்தைவிட உதைப்பவனைச் சுற்றியிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

பெரிய தப்புக்குக் கிடைக்கும் பெனால்டி கதை வேறு. அதில் கோல் கம்பத்துக்கு உதைத்து 3 புள்ளி எடுக்கலாம், வெளியே உதைத்துத் தூரம் பிடித்து, இரண்டு அணியும் வரிசையாக நிற்க வெளியிலிருந்து பந்தை எறியும் லைன்-அவுட்டையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் ஈடாக லாபம் வரும்வரை பொறுக்க வேண்டும். எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்தில் என்றால் அங்கே பந்தைத் தரையில் ஊன்றி எடுக்கும் 5 புள்ளி ட்ரை வருமா என்று சில ரக்குகள்வரைகூட (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரண்டு அணியும் நின்று தள்ளுவது) விடலாம். கிரிக்கெட்டின் ஃப்ரீ ஹிட் மாதிரி இது: துணிந்து ஏதாவது செய்து பார்க்கலாம், கெட்டுப்போனால் பெனால்டி காத்திருக்கிறது. நம் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெனால்டி அட்வான்டேஜிலும் பந்தை மார்போடு கட்டிக்கொண்டு நேராகப் போய் முட்டுகிறார்கள்.

அதற்காக இழுத்துக்கொண்டே போகக் கூடாது. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் ஒரு பாதி 7 நிமிடம்தான். சித்திரை வெயிலில், புல் காய்ந்த கட்டாந்தரையில், அரை மைதானம் ஓடவிட்டு அப்புறம் பழைய இடத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு அணிக்கும் எரிச்சல் வரும். பந்து மெதுவாக வருகிறது, ஒவ்வொரு ரக்கிலும் பின்னால் தள்ளுகிறார்கள் என்றால் லாபம் வராது, ஊதிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இன்னும் சீக்கிரமே ஊதுவேன். “அவன் பிடிச்சு இழுக்கான் சார், நீங்க பாத்துக்கிட்டே இருக்கியோ” என்று ஒருவன் சொல்லிவிட்டால், அடுத்து எதிராளியை மடக்கிப் பிடிக்கிற டாக்கிளில் அவனே நியாயம் வழங்கக் கிளம்புவான். பெரியவர்கள் ஆட்டத்தில் வேறு கணக்கு.

ஸ்க்ரமில் யாராவது மேலே தூக்கப்பட்டால், ஸ்க்ரம் 90 டிகிரிக்கு மேல் சுற்றிவிட்டால், யாருக்காவது பலத்த காயம் என்று சந்தேகம் வந்தால் அட்வான்டேஜ் பேச்சுக்கே இடமில்லை. உடனே விசில். முரட்டு ஆட்டத்துக்கு அட்வான்டேஜ் விட்டு, ட்ரையே விழுந்தாலும், அட்டைக்குரியவனுக்கு அட்டை உண்டு. மஞ்சள் என்றால் செவன்ஸில் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும்.

நீட்டிய கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சுமார் 5 நொடி காட்டினால் போதும். கை இறங்கியதும் அட்வான்டேஜ் முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் மட்டுமல்ல, ஆடுகிறவர்களே நினைத்துவிடுகிறார்கள். முடிந்தது என்பதற்கு ரெஃப்ரியின் வாய்ச்சொல்தான் அத்தாட்சி. ஆடிக் காற்று அடிக்கும்போது அந்தச் சொல் பத்தடிகூடத் தாண்டாது. அதனால் தொடங்கும்போது “அட்வான்டேஜ் நீலம், நாக்-ஆன்” என்றும், முடியும்போது “ஓவர்” என்றும் தொண்டை கிழியக் கத்துங்கள், கேட்டவர்களுக்குச் சந்தேகம் வந்தால் இரண்டாம் தடவையும்.