கேம் மியூசிக் சினிமாவுக்குப் போகும்போது போட்டவர் பேரு ஏன் காணாம போகுது?

நிண்டெண்டோ கம்பெனியோட மாரியோ வீடியோ கேமை வச்சு எடுத்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி 2023 ஏப்ரல்ல வந்துச்சு, உலகம் முழுக்க 1.3 பில்லியன் டாலருக்கு மேல வசூல், குழந்தைங்க இருக்கற வீட்ல எப்படியும் ஒரு தடவையாவது ஓடியிருக்கும். நான் காப்பிரைட் பக்கம் பிராக்டிஸ் பண்ற வக்கீல். கேமுக்கும் ஷார்ட் ஃபிலிமுக்கும் மியூசிக் போடற பசங்க காண்ட்ராக்ட் பேப்பரை தூக்கிட்டு வருவாங்க, அவங்ககிட்ட நான் சொல்றது இந்தப் படத்தோட எண்ட் டைட்டிலை கடைசி வரைக்கும் உக்காந்து பாருங்கன்னுதான்.

படத்துக்கு ஸ்கோர், அதாவது பின்னணி இசை, பிரையன் டைலர். ஆனா ஆர்கெஸ்ட்ரா வச்சு அவர் பெருசா வாசிச்சாலும் உள்ள ஓடற ட்யூன்கள்ல ரொம்பப் பிரபலமானது கோஜி கோண்டோவோடது, 1985ல வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமுக்கு அவர் போட்டது. படம் ரிலீஸ் ஆன அடுத்த வாரமே அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்கற ரெக்கார்டிங் லிஸ்ட்ல அந்த ட்யூன் சேர்ந்துச்சு, கேம் மியூசிக் அந்த லிஸ்ட்டுக்குள்ள போனது அதுதான் முதல் தடவை. கோண்டோ பேரு படத்துல மரியாதையா வருது, சந்தோஷம்.

இப்போ டாங்கி காங்ங்கற கொரில்லா கேரக்டரோட என்ட்ரி சீனுக்கு வாங்க. சுத்தி கூட்டம் கத்திட்டு இருக்கும்போது ஒரு ராப் ஓடும், டிகே ராப். 1999ல வந்த டாங்கி காங் 64 கேமோட பாட்டு அது, மியூசிக் போட்டவர் கிராண்ட் கிர்க்ஹோப், அந்த கேமை நிண்டெண்டோவுக்குப் பண்ணிக் கொடுத்த இங்கிலாந்து ரேர் கம்பெனில அப்போ வேலை பார்த்தவர். எண்ட் டைட்டில்ல அந்தப் பாட்டுக்கு டாங்கி காங் 64ல இருந்துன்னு கேம் பேரு மட்டும்தான் இருக்கும், அவர் பேரு இருக்காது. பேரு வரும்னு ஆசையா இருந்தேன்னு அவரே ட்விட்டர்ல வருத்தமா போட்டிருந்தாரு. அதே படத்துல டேக் ஆன் மீ, தண்டர்ஸ்ட்ரக் மாதிரி வெளிய இருந்து லைசென்ஸ் வாங்கின பாட்டுங்களுக்கு எழுதினவங்க, பாடினவங்க பேரெல்லாம் வருது.

எப்படின்னா, வெளிப் பாட்டை எடுக்கணும்னா அக்ரிமெண்ட் போட்டே ஆகணும், டைட்டில்ல பேரு எப்படி வரணும்ங்கறது அதுலயே எழுதியிருக்கும். ஏற்கனவே கம்பெனி கையில இருக்கற மியூசிக்குக்கு யார்கிட்டயும் போய் கேக்க வேண்டியதில்ல. பிரிட்டிஷ் சட்டப்படி சம்பளத்துல இருக்கும்போது போட்ட மியூசிக்குக்கு முதல் ஓனர் முதலாளிதான், அந்த ஓனர் அனுமதியோட நடக்கற விஷயத்துல என் பேரைப் போடுன்னு உரிமை கேக்கவும் வழி இல்ல. சட்டம் என்ன சொன்னாலும் எனக்கு இது நியாயமா படல, ஒரு வரி சேர்க்க காசா பணமா.

நம்ம நாட்டு சட்டம் இதுல கொஞ்சம் நல்லாவே இருக்கு, ஆனா பசங்க நிறைய பேருக்கு அது தெரியல. 1957 காப்பிரைட் சட்டத்துல 57வது பிரிவு, காப்பிரைட்டை முழுசா எழுதிக் கொடுத்துட்டாலும் இதைப் போட்டது நான்தான்னு உரிமை கோர்ற தகுதி உங்ககிட்டயே நிக்கும். மாச சம்பளத்துல இருந்தீங்கன்னா, வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் ஓனர் முதலாளி. ஃப்ரீலான்ஸா கேமுக்குப் போட்டுக் கொடுத்தா பொதுவா ஓனர் நீங்கதான், கையெழுத்து போட்டு எழுத்துல கொடுத்தாதான் கை மாறும், எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம், எந்தெந்த நாடுன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். அப்புறம் 2012 திருத்தம், படத்துல சேர்ந்த மியூசிக் தியேட்டர்ல படத்தோட ஓடறது தவிர மத்த வழில பயன்படுத்தும்போது வர்ற ராயல்டில உங்க சம பங்கை, உங்க வாரிசும் ராயல்டி வசூலிச்சுக் கொடுக்கற காப்பிரைட் சொசைட்டியும் தவிர வேற யாரும் எழுதி வாங்கிக்கவே முடியாது.

இவ்ளோ இருந்தும் பசங்க எங்க மாட்டறாங்கன்னா அந்த ரெண்டு பக்க ஒர்க் ஆர்டர்லதான். என்கிட்ட வந்த ஒரு தம்பி மொபைல் கேம் ஒண்ணுக்கு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடற சின்ன மியூசிக், போட்டுக் கொடுத்திருந்தார், அவர் படிச்சது பேமெண்ட் எவ்ளோ, எப்போங்கற வரி மட்டும். அதுக்குக் கீழயே சின்ன எழுத்துல, இப்போ இருக்கற இனிமே வரப்போற எல்லா மீடியாவுலயும் உலகம் முழுக்க காலவரம்பு இல்லாமன்னு ஒரே மூச்சுல எழுதியிருந்துச்சு, கிரெடிட் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. கேம் ஓடுச்சு, அதை வச்சு குழந்தைங்களுக்கு கார்ட்டூன் சீரிஸ் பண்ணாங்க, டைட்டில் மியூசிக் இவரோட லூப், பேரு வேற ஒருத்தரோடது. நல்லவேளை ப்ராஜெக்ட் ஃபைலை தேதியோட அப்படியே வச்சிருந்தார், டெமோ அனுப்பின மெயிலும் இருந்துச்சு, 57வது பிரிவைக் காட்டி நோட்டீஸ் விட்டோம், கோர்ட் வரைக்கும் போகாமலே பேரை மாத்திட்டாங்க. பணம் மட்டும் பேசினதுக்கு மேல வரல, ஏன்னா அவர் கையெழுத்து போட்டது அப்படி.

அதனால காண்ட்ராக்ட்ல இந்த ஒரு வரியைக் கேட்டு சேர்த்துக்கோங்க: கேம், அதுல இருந்து வர்ற படம், சீரிஸ், ட்ரெய்லர், ஆல்பம் எதுல இந்த இசை வந்தாலும் இசையமைத்தவர் பெயரை டைட்டிலில் போட வேண்டும். இதுக்கு கம்பெனிக்கு செலவு எதுவும் இல்ல, அதனால பெரும்பாலும் ஒத்துக்கறாங்க, நாம கேக்கறதுதான் இல்ல. படம் சீரிஸ்னு போனா தனியா பணம் உண்டாங்கறதையும் அதே மெயில்ல கேட்டுடுங்க, மாஸ்டர் ஃபைலை அனுப்பறதுக்கு முன்னாடியே கேளுங்க, அனுப்பிட்டா அப்புறம் பதில் வாங்கறதே பெரும்பாடு.