மொட்டையடித்தால் மரம் விழாதா?

போன வாரம் மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு. வாசலில் இருபத்தைந்து வயது வேப்பமரம். பழக்கதோஷத்தில் மரம் என்கிறேன். அங்கே நின்றது ஒரு தண்டும் தொடை தடிமனில் மூன்று கட்டைகளும்தான். பெயருக்கு ஓர் இலை கிடையாது. வெட்டுவாயில் சிவப்புப் பெயின்ட் வேறு.

"மழைக்கு முன்னாடி கனத்தைக் குறைச்சுட்டோம் சார். இனிமே காத்துக்கு விழாதுல்ல?" என்றார் சங்கச் செயலாளர். வெட்டி முடித்தபிறகு என்னைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கிறார்கள்! இந்த செப்டம்பரில் இது ஆறாவது.

விழும் சார். இந்த ஐப்பசியில் தப்பிக்கலாம், நாலைந்து வருஷத்தில் ஆள்மேல் விழும்.

மரம் சமைத்துச் சாப்பிடுவது இலையில். ஒரே நாளில் மொத்த இலையையும் எடுத்துவிட்டால் சேமிப்பைக் கரைத்து, வெட்டிய கட்டையைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்விடும். "பாருங்க, எப்படித் தழைச்சிருக்கு" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார்கள். பட்டினியில் விட்ட துளிர் அது. இயல்பாக வளர்ந்த கிளை, தண்டோடு வருஷத்துக்கு வருஷம் பின்னிப் பிணைந்து உள்ளே ஊன்றியிருக்கும். இந்தத் துளிர்களோ பட்டைக்கு அடியில் மேலாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். மூன்று நான்கு வருஷத்தில் பழைய உயரத்தை எட்டிவிடும். காற்றைப் பிடிக்கும் பரப்பு முன்பிருந்த அளவுக்கே திரும்பிவிடும். ஆனால் தாங்கவேண்டிய கட்டை அதற்குள் உளுத்திருக்கும். நிழலிலேயே இருந்து பழகிய பட்டை, சென்னை வெயிலில் வெந்து வெடிப்பது தனிக்கதை.

நங்கநல்லூரில் முன்பு மொட்டையடித்த பெருங்கொன்றை ஒன்றில் ஏறியபோது, மணிக்கட்டு தடிமனில் இருந்த அப்படியொரு கிளையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். முருங்கைக் கிளை மாதிரி, பட்டையையும் ஒரு சாண் உரித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த கட்டையை விரலால் அழுத்தினேன். டீயில் ஊறிய ரஸ்க். நல்லவேளை, கயிறு வேறு கிளையில் கட்டியிருந்தது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த அடியில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதற்குப் பிறகுதான் இந்த மொட்டை மோகம். அப்போது நான் அறுத்து அகற்றியவற்றில், கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டியிருந்த மரங்களே அதிகம். தலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் காலடியைப் பார்ப்பதில்லை. தண்டின் கழுத்துவரை சிமென்ட் பூசியிருக்கிறீர்களா? முதலில் அதை உடையுங்கள்.

கனம் குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நுனியிலிருந்து உள்நோக்கிக் குறைக்க வேண்டும். நீண்டுபோன கிளையை அந்தரத்தில் வெட்டாமல், பக்கக்கிளை பிரியும் கவையில் வெட்டுங்கள். விட்டுவைக்கும் பக்கக்கிளை, வெட்டுகிற கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். 6 அங்குலக் கிளை என்றால் 2 அங்குலம். இனி அதுதான் நுனி, அதனால்தான் மரத்தின் உருவமும் கெடாது. மொத்த இலையில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வயதான மரத்துக்கு அதுவே அதிகம். உள்பக்கச் சின்னக் கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு, நுனியில் மட்டும் விளக்குமாறு மாதிரி விடுவதும் கூடாது. கனம் முழுக்க நுனிக்குப் போய்விடும்.

ஒழுங்காகச் செய்தால், தெருவில் நின்று பார்ப்பவருக்கு வெட்டினதே தெரியாது. "என்னத்த வெட்டுனீங்க, இதுக்கா இவ்வளவு கூலி?" என்று பேரம் பேசுவார்கள். எங்கள் தொழிலில் அதுதான் பாராட்டு.

கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்து மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதை ஒட்ட வழிக்காதீர்கள், முளைக்குச்சி மாதிரி கட்டையை நீட்டியும் விடாதீர்கள். கனமான கிளைக்கு முதலில் அடியில் ஓர் அறுப்பு, சற்றுத் தள்ளி மேலிருந்து இரண்டாவது, கடைசியில் தடிப்பை விட்டு மூன்றாவது. இல்லையென்றால் பட்டை தண்டுவரை கிழியும். பெயின்ட், தார், சாணி எதுவும் வேண்டாம். மரம் தானே மூடிக்கொள்ளும்.

அரிவாளோடு வருகிறவர் "எத்தனை அடி விடணும் சார்?" என்று கேட்டால் அப்படியே அனுப்பிவிடுங்கள். தெருவோர மரமென்றால் நீங்களாகக் கைவைக்காமல் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். மின்கம்பி உரசுகிறதா, மின்வாரிய ஆள் வராமல் யாரையும் ஏற்றாதீர்கள். காக்கைக்கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்களேன், தயவுசெய்து. அடைமழை பிடித்தபிறகு போன் செய்தால் நானே ஏறமாட்டேன். ஆடியிலேயே கூப்பிடுங்கள்.

மடிப்பாக்கத்து வேம்புக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை. துளிர்களை ஒடிக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து, ஒவ்வொரு கட்டையிலும் நல்ல இடத்தில் ஊன்றிய ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். செயலாளர் தலையாட்டினார். நிழல் போன இடத்தில் அவர் கார் கொதித்துக்கொண்டிருந்தது. கதவுப்பிடியைக் கைக்குட்டையால் பிடித்துத்தான் திறந்தார்.