வண்டற்பசி: ‘ஹங்ரி வாட்டர்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

அணைகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் ‘ஹங்ரி வாட்டர்’ என்ற சொல்லைச் சந்திக்காமல் தப்ப முடியாது. நேராகப் பெயர்த்தால் ‘பசித்த நீர்’. தவறில்லை, ஆனால் எதற்குப் பசி?

ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை. சரளையை உருட்டிக்கொண்டும், மணலையும் களியையும் கலக்கிக்கொண்டும் ஓடுகிறது. அதன் விசையில் ஒரு பங்கு இந்தச் சுமைக்கே செலவாகும். அணை குறுக்கே வந்தால் தேக்கத்தில் ஓட்டம் தணிந்து சுமை அடியில் படிந்துவிடும். மதகில் வெளியேறும் நீருக்கு விசை உண்டு, சுமை இல்லை. அதனால் கீழே உள்ள படுகையையும் கரையையும் அரித்து எடுத்துக்கொள்கிறது. இந்தப் பெயரைப் பரவலாக்கியது, பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியாஸ் கொண்டால்ஃப் 1997இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை. அதன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைப் பாருங்கள். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குச் செந்நிறம் என்று பொருள். கலங்கலாக ஓடியதால் வந்த பெயர். 1963இல் அதன் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியபின், அணையடியில் ஓடுவது பச்சை நிறத்தில் அடி தெரியும் தண்ணீர். முதல் 25 கிலோமீட்டருக்குப் படுகை சராசரியாக 2 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. பொடி மணல் முதலில் போயிற்று. நகர்த்த முடியாத கற்கள் மட்டும் தளம் பாவியதுபோல மிஞ்சின. அதற்கும் கீழே, கிராண்ட் கேன்யனின் மணல் திட்டுகள் மெலிந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தெளிநீர்’ உதவாது. நமக்குத் தெளிவு என்பது பாராட்டு; இங்கே அதுதான் நோய். ஆடியில் செக்கச்செவேலென்று வரும் புதுத்தண்ணீரை யாரும் அழுக்கு என்று சொன்னதில்லையே!

என் தேர்வு ‘வண்டற்பசி’. பால், குடம் சேர்ந்து பாற்குடம் ஆவதுபோல. எதற்குப் பசி என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. வண்டல் பழைய சொல்லும்கூட: சங்கப் பாடல்களில் பெண்கள் மணலில் சிற்றில் கட்டி, பாவை செய்து ஆடும் விளையாட்டுக்கும் அதே பெயர். சரளையை வண்டல் என்பார்களா என்று பொறியாளர்கள் கேட்கலாம். கொஞ்சம் இழுத்துத்தான் பொருள் கொள்ள வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

பசி என்று சொல்லிவிட்டால் மீட்புப் பணியும் எளிதில் புரியும்: தீனி போடுவது. ரைன் நதியில் இஃபெட்ஸ்ஹைம் அணைக்குக் கீழே 1978 முதல் படகில் சரளை கொண்டுவந்து கொட்டுகிறார்கள், படுகை இறங்காமல் இருக்க. கொலராடோவில் வேறு வழி. 1996இல் ஒரு வாரம் விநாடிக்கு 45,000 கன அடி திறந்து, அடியில் கிடந்த மணலைக் கிளப்பித் திட்டுகளில் ஏற்றினார்கள். திட்டுகள் வளர்ந்தன, பிறகு மறுபடி கரைந்தன. வெள்ளம் இருக்கிற மணலை இடம் மாற்றுமே தவிர, புதிதாகக் கொண்டுவராது. அதனால் இப்போது பரியா என்ற கிளையாறு மணல் கொண்டுவந்து சேர்த்தபின் திறக்கப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது வழி, வண்டலைத் தேங்கவே விடாமல் மதகு வழியே தள்ளிவிடுவது. ‘செடிமென்ட் ஸ்லூயிசிங்’ என்பார்கள். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை: கல்லணையில் ‘மணல்போக்கி’ என்றே ஒரு மதகு உண்டு.