வயித்தில பிள்ளையோட பனடோல் போடலாமோ? ஆய்வுகள் எப்பிடி நடக்குது

2025 செப்டெம்பரில அமெரிக்க ஜனாதிபதி, வயித்தில பிள்ளையோட பரசிட்டமோல் (பனடோலில இருக்கிற மருந்து) எடுத்தா பிள்ளைக்கு ஓட்டிசம் எண்ட மூளை வளர்ச்சிப் பிரச்சினை வரலாம் எண்டு கதைச்ச பிறகு இங்க கொழும்பில வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமும் பிள்ளைத்தாச்சிகள் கனபேர் பனடோல் குளிசையைத் தொடவே பயப்பிடினம், காய்ச்சல் 102 அடிச்சாலும் ஈரத்துணியை மட்டும் போட்டுக்கொண்டு கிடக்கினம். எனக்கு இதைப் பாக்க உண்மையாவே கவலையா இருக்கு, ஏனெண்டா முதல் மாசங்களில வாற கடும் காய்ச்சலே பிள்ளையின்ர மூளை, முள்ளந்தண்டு உருவாகிறதைப் பாதிக்கலாம்.

சரி, ஒரு மருந்து பிள்ளைக்குப் பிரச்சினையோ இல்லையோ எண்டு எப்பிடித்தான் கண்டுபிடிக்கிறது? சாதாரணமா எண்டா பாதிப்பேருக்கு மருந்தும் மிச்சப்பேருக்கு வெறும் குளிசையும் குடுத்துப் பாப்பினம். பிள்ளைத்தாச்சிகளில பெரும்பாலும் அப்பிடிச் செய்யிறேல்ல. ஒரு மருந்து பிள்ளையை எவ்வளவு பாதிக்கலாம் எண்டதைத் தலிடோமைட் எண்ட மருந்து காட்டினது. 1957ல மேற்கு ஜேர்மனியில விக்கத் தொடங்கி, நித்திரைக்கும் சத்தியெடுக்கிறதுக்கும் எண்டு குடுத்து, 1961 நவம்பரில அங்க நிப்பாட்டினவை, ஆனா அந்த மருந்தால உலகம் முழுக்க 10,000க்கு மேல பிள்ளைகள் கை கால் குறைபாடு மாதிரிப் பிறவிக்குறையோட பிறந்திட்டினம். கரு உண்டாகி 20இல இருந்து 36 நாளுக்குள்ள ஒரு குளிசை போட்டாலே ஆபத்து, அந்த நேரம் கனபேருக்குத் தாங்கள் மாசமா இருக்கிறதே தெரியாது.

அதால, வருத்தத்துக்காக ஏற்கெனவே மருந்து எடுக்கிற தாய்மாரைப் பதிஞ்சு வைச்சுப் பின்தொடருறதுதான் வழி. பதியிறது பிள்ளை பிறக்க முதலே நடக்கோணும். பிறந்த பிறகு கேட்டா, குறையோட பிள்ளை பெத்த அம்மா ஒவ்வொரு குளிசையையும் யோசிச்சு யோசிச்சுச் சொல்லுவா, மற்றவ மறந்திருப்பா, கணக்குப் பிழைச்சிடும். வலிப்பு மருந்துகளில இப்பிடிப் பதிஞ்சுதான் வல்ப்ரோவேட் எடுத்தவையின்ர பிள்ளைகளில 100க்கு கிட்டத்தட்ட 10 பேருக்குப் பெரிய பிறவிக்குறை எண்டு தெரிஞ்சுது, பொதுவா அது 2, 3தான், லமோற்றிஜின் எடுத்தவையிலயும் அதுக்குக் கிட்டத்தான். ஆனா வலிப்பு மருந்தைத் தன்ர பாட்டில நிப்பாட்டினா ஃபிட்ஸ் வந்து ரெண்டு உயிருக்கும் ஆபத்து, டொக்டரைக் கேட்டு மாத்திறதுதான் சரி.

பனடோலில இன்னொரு சிக்கல் இருக்கு. அதைப் போட்டவ சும்மா போடேல்ல, காய்ச்சல், தலையிடி, ஏதோ தொற்று இருந்திருக்கு. பிறகு பிள்ளையில ஏதும் தெரிஞ்சா குற்றம் குளிசையிலயோ வருத்தத்திலயோ, இல்லாட்டி குடும்பத்தில ஓடுற பரம்பரையிலயோ? சுவீடனில 1995இல இருந்து 2019 வரை பிறந்த கிட்டத்தட்ட 25 இலட்சம் பிள்ளைகளை வைச்சு 2024ல வந்த ஆய்வு இதைப் பிரிச்சுப் பாத்துது. எல்லாரையும் ஒண்டாப் போட்டா, பரசிட்டமோல் எடுத்தவையின்ர பிள்ளைகளில ஓட்டிசம் கொஞ்சம் அதிகமாத்தான் தெரிஞ்சுது. ஒரே அம்மாவின்ர பிள்ளைகளில, ஒண்டை வயித்தில வைச்சுக்கொண்டு பரசிட்டமோல் எடுத்து மற்றதுக்கு எடுக்காதவையைப் பாத்தா அந்த வித்தியாசம் இல்லாமலே போச்சு. கடையில தானா வாங்கிப் போட்டதெல்லாம் பதிவில வந்திராதுதான், எண்டாலும் அம்மாவும் வீடும் ஒண்டா இருக்கிற இந்த ஒப்பீட்டை நான் மற்ற எல்லாத்தையும் விடக் கூட நம்புறன்.

பனடோலுக்குப் பயந்து வேற நோக்குளிசைக்கு மாறினாத்தான் பிழை. 20 கிழமைக்குப் பிறகு பிள்ளையைச் சுத்தி இருக்கிற தண்ணியில பெரும்பங்கு பிள்ளை பெய்யிற சலம்தான், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் மாதிரி மருந்துகள் பிள்ளையின்ர சிறுநீரகத்தை மந்தமாக்கி அந்தத் தண்ணியைக் குறைச்சிடலாம், அதால பார்மசியில நோவுக்கு எண்டு கேக்கேக்க எத்தினை மாசம் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.