பழைய செடான் வாங்கும்போது எந்தக் குறைக்கு விலை பேசலாம், எதற்குப் பேசக்கூடாது

குறையே இல்லாத பழைய கார் கிடைக்காது. தேய்ந்த டயர், ஓய்ந்த பேட்டரி, பிரேக் பேட் போன்றவற்றின் செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். மூன்று குறைகளுக்கு மட்டும் கணக்கே போட முடியாது: சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வரை அடிபட்ட விபத்து, வெள்ளத்தில் மூழ்கியது, இன்ஜின் அளவுமீறிச் சூடேறியது. இவற்றில் ஒன்று உறுதியானாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

சிறிய செடானில் முதலில் டிக்கியைப் பாருங்கள். பானெட்டை எல்லோரும் திறந்து காட்டுவார்கள், டிக்கியின் தரையை யாரும் காட்டுவதில்லை. விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைக் கவனியுங்கள். கம்பெனி வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டப் புள்ளிகளாக இருக்கும். புள்ளிகள் மறைந்து, இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் பசை திட்டுத்திட்டாக இருந்து, தகட்டில் சுருக்கமும் தெரிந்தால் அது பின்னால் பலமாக இடி வாங்கிய வண்டி.

பெயின்ட் கனம் அளக்கும் கருவி கிடைத்தால் ஒவ்வொரு பாகமாக வையுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 180 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால் கீறலுக்காக மறுபடி அடித்திருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். 1000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி (நசுங்கலை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. அது கூரையிலோ கதவுத் தூண்களிலோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் சீட் பெல்ட் காட்டிக்கொடுத்துவிடும். கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துருவும் கார்பெட்டுக்கு அடியில் ஈரமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயரிங் இணைப்புகள் உடனே கெடுவதில்லை, மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் தரையை ஒட்டியே இருக்கிறது. நனைந்த பெட்டியை நம்பிக் குடும்பத்தை உட்காரவைக்க முடியாது.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி பல நோய்களை மறைத்துவிடும். பானெட்டில் கைவைத்துப் பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் மூடியின் உட்புறமும் டிப்ஸ்டிக்கும் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, இன்ஜினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். மூடியில் மட்டும் லேசான படிவு என்றால், குறுகிய தூரமே ஓடியதால் தேங்கிய ஈரமாகவும் இருக்கலாம். சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் எரிகிறது, நீலப் புகை என்றால் ஆயில். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்.

வால்வுகளை பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்க டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினா, செயின் உள்ளதா என்று கேளுங்கள். பல இன்ஜின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, பெல்ட்டோடு டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), வாட்டர் பம்ப் செலவையும் சேர்த்துக் கழியுங்கள்.

காரின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. அந்தக் கணினியின் சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் பேட்டரியைக் கழற்றியிருக்கலாம், அல்லது உங்களுக்குக் காட்டுவதற்காகவே குறியீடுகளை அழித்திருக்கலாம். சில நாள் ஓட்டச் சொல்லி மறுபடி பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது நாலாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக்கென்று கேட்டால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். இரண்டும் விலை பேசக்கூடியவை. சிவிடி (படிப்படியாக இல்லாமல் தானாகவே மாறும்) கியர்பாக்ஸ் குறைந்த வேகத்தில் உதறினால் மட்டும் கவனம், பழுதுபார்ப்புச் செலவு வண்டி விலையையே எட்டிப்பிடிக்கலாம்.

மீட்டரை நம்பாதீர்கள், சர்வீஸ் பில்களில் தேதியோடு கிலோமீட்டரும் ஏறுகிறதா என்று பாருங்கள். மீட்டரில் 40,000 என்றிருக்க, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரைப் பின்னால் திருப்பியிருக்கலாம். டயரின் வயதையும் பாருங்கள்: அதில் 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

எல்லாம் சரியென்றாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கட்டும். சேசிஸ் எண்ணை ஆவணத்தோடு அவரே ஒப்பிடட்டும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.