முதலில் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை எடுங்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். கையில் ஸ்பைரல் போட்ட ப்ரபோசல்; முதல் பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையான என்.பி.டி.எஃப்.புக்குப் போட வேண்டும் என்றார். நின்றபடியே நான்கு பக்கம் படித்தேன். நல்ல கேள்வி, யாரும் சரியாகத் தொடாதது. பிறந்த தேதி கேட்டேன். லேமினேட் செய்த பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை நீட்டினார். வயது வரம்பு 35, அவருக்குரிய 5 வருடத் தளர்வையும் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மாதம் தாண்டியிருந்தது.

"நிஜத்துல எனக்கு வயசு கம்மி சார். ஒண்ணாப்புல சேர்க்கும்போது கூட்டிப் போட்டுட்டாங்க."

தம்பி, சான்றிதழில் உள்ளதுதான் வயது.

இந்த வருடத்தில் இவர் நான்காவது ஆள். ஏன் அப்போதே போடவில்லை என்றால் நால்வருக்கும் ஒரே பதில்: "இன்னும் நாலு பேப்பர் வரட்டும்னு இருந்தேன்."

இதைக் கேட்டாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வெளியான ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் நீளமாக உள்ளவர்களுக்கு வேறு திட்டங்கள் உண்டு. தொடக்கநிலை ஆய்வாளருக்கென்று ஒரு திட்டத்தை அரசு ஒதுக்குவதே, அந்தப் பட்டியல் இன்னும் வளராத ஆளுக்காகத்தான். இத்தகைய விண்ணப்பங்களை நானும் மதிப்பிட்டிருக்கிறேன். கேள்வி தெளிவா, கொடுத்த காலத்துக்குள் முடியுமா, இதைச் செய்ய இவருக்குக் கை வருமா என்றுதான் முதலில் தேடுவேன். பேப்பரை எண்ணுவது அதற்குப் பிறகு. ஒருமுறை நிராகரித்தால் பெயர் கெட்டுவிடும் என்பதும் வீண் பயம். திருத்தி அடுத்த அழைப்புக்குப் போடுங்கள்.

பேப்பர் காத்திருக்கும், வயது காத்திருக்காது. இளம் ஆய்வாளர்களுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்டி திட்டத்துக்குப் பொதுப்பிரிவு வயது வரம்பு 32. நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்கான பிரதமர் தொடக்கநிலை ஆய்வு நல்கைக்கு 42. அதில் மூன்று வருடத்துக்கு 60 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முன்பு ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் மத்திய அரசு அமைப்பான செர்ப் பார்த்த வேலையை 2024 முதல் ஏ.என்.ஆர்.எஃப். என்ற புதிய அமைப்பு பார்க்கிறது, இன்னும் பழைய தளத்தையே திறந்து வைத்துக்கொண்டு அழைப்பு வரவில்லை என்று சொல்லாதீர்கள். தளர்வு யாருக்கு எவ்வளவு, வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவார்கள் என்பதெல்லாம் அந்தந்த அறிவிப்பிலேயே இருக்கும். சீனியர் சொன்னதை நம்பாமல் அதைப் படியுங்கள்.

கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதத்தை, லெட்டர்ஹெட், கையெழுத்து, முத்திரையோடு, எழுதத் தொடங்கும்போதே வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் அவர் ஊரில் இருக்க மாட்டார். கடைசி இரவில் தளமும் திணறும். பட்ஜெட்டில் துறைக்கு வேண்டிய கருவியை எல்லாம் திணிக்காதீர்கள்; உங்கள் கேள்விக்கு எது வேண்டுமோ அது போதும். பணம் வந்த நாளிலிருந்தே பில்களைச் செலவுத் தலைப்புவாரியாகப் பிரித்து வையுங்கள். பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது.

வந்தவரிடம் ப்ரபோசலைத் திருப்பிக் கொடுத்தபோது, "வேற ஏதாவது வழி இருக்கா சார்?" என்றார். இரண்டு மாதத்துக்கு முன் வந்திருந்தால் இருந்தது. தயவுசெய்து, இன்று இரவே உங்கள் மார்க்‌ஷீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.