ஒரு கையில் பீடி, மறு கையில் 200 கிலோ கிளை

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் அவர் வீட்டுப் புளியமரத்தின் பெரிய கிளை பாதி முறிந்து, மாட்டுக் கொட்டகைக்கு நேர் மேலே தொங்கியதாம். மரம் கழிக்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மேலே ஏறி, கிளையில் கயிறு கட்டி, அதை இன்னும் உயரத்தில் இருந்த ஒரு கவட்டையில் போட்டுக் கீழே விட்டார். கீழே நின்ற பெரியவர் அந்தக் கயிற்றை அடிமரத்தில் இரண்டே சுற்று சுற்றி, நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டார். வலது கையில் பீடி. ரம்பம் அறுத்து முடித்ததும், 200 கிலோவாவது இருக்கும் அந்தக் கிளை ஒரு ஓட்டைக்கூட உடைக்காமல் மெதுவாக இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. “ஏறுவதற்கு முன்னால் முனியப்பனுக்குக் கற்பூரம் காட்டினார்கள். அதனால்தான் என்கிறார்கள் ஊரில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

முனியப்பனோடு எனக்குத் தகராறு எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சுற்றைப் போடாமல் கற்பூரம் மட்டும் காட்டியிருந்தால், கிளை கீழே வரும்போது பெரியவர் மேலே போயிருப்பார்.

இது உராய்வு என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். நெல் மூட்டையைத் தரையில் இழுத்தால் தரை பிடித்து இழுக்கிறது. மூட்டை எவ்வளவு கனமாகத் தரையை அழுத்துகிறதோ அவ்வளவு பிடிப்பு. சரி, கயிறு மரத்தில் சுற்றியிருக்கிறது. அதன் மேல் யாரும் ஏறி நிற்கவில்லையே, அதை மரத்தோடு அழுத்துவது எது?

கயிற்றின் இழுவைதான். வளைந்து கிடக்கும் கயிற்றில் ஒரு விரற்கடைத் துண்டை மட்டும் மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு முனைகளும் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி இழுபடுகின்றன. அதனால் அந்தத் துண்டு மரத்தோடு ஒட்டி அழுந்துகிறது. அழுந்துவதால் உராய்வு வருகிறது, உராய்வு இழுவையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மிச்சம் அடுத்த துண்டுக்குப் போகிறது. அங்கே இழுவை குறைவு என்பதால் அழுத்தமும் குறைவு, தின்பதும் குறைவு. ஆனால் விகிதம் அதேதான். கந்து வட்டிக்காரரிடம் கடன் வாங்கியவரைக் கேளுங்கள், வட்டிக்கு வட்டி ஏறி முதல் எப்படி வீங்கும் என்று சொல்வார். அதே கணக்கு இங்கே தலைகீழாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றும் பாரத்திலிருந்து இத்தனை கிலோ என்று கழிப்பதில்லை, பாரத்தை வகுக்கிறது. எனக்கு இந்த இயற்பியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நம்ப முடியாவிட்டால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் மொட்டை மாடியில் துணி காயப்போடும் மூங்கில் கழியை இரண்டு பக்கமும் உருளாதபடி கட்டிவிட்டு, அதன் மேல் தேங்காய்நார்க் கயிறு ஒன்றைப் போட்டேன். ஒரு முனையில் 5 கிலோ அரிசிப் பை, மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. கயிறு கழிக்கு மேலே ஏறி மறுபக்கம் இறங்குவது அரைச் சுற்று. பை நழுவாமல் இருக்க 2 கிலோ அளவுக்கு இழுத்தால் போதுமாக இருந்தது. அதாவது அரைச் சுற்று பாரத்தை இரண்டரையால் வகுத்துவிட்டது. அடுத்து ஒரு முழுச் சுற்றைச் சேர்த்தேன். முழுச் சுற்றில் இரண்டு அரைச் சுற்று, ஆகவே 2 கிலோவை இரண்டு முறை இரண்டரையால் வகுத்தால் 320 கிராம். தராசின் முள் 300க்கும் 350க்கும் நடுவில் ஆடியது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் தாமதம், ஆனால் மனது நிறைந்துவிட்டது.

புளியம்பட்டை மூங்கிலைவிடச் சொரசொரப்பு. இருந்தாலும் அதே இரண்டரையை வைத்துக்கொள்வோம். மேலே கவட்டையில் போட்டதே ஓர் அரைச் சுற்று: 200 கிலோ 80 கிலோவாகிறது. பெரியவர் சாதாரண உடம்புக்காரராக இருந்தால் இதுவே அவரைத் தூக்கிவிடும். அடிமரத்தில் முதல் சுற்று 80ஐ 13 கிலோவுக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது சுற்று அதை 2 கிலோவாக்குகிறது. 2 கிலோவுக்கு ஒரு கை போதும், மற்றக் கை என்ன செய்தால் என்ன.

அப்படியானால் மூன்று சுற்று போட்டால் இன்னும் பத்திரம்தானே? காரிமங்கலத்தில் இதே வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டேன். “மூணு போட்டா வராதுங்க சார். அப்புறம் மேல போய் உதைச்சுத் தள்ள ஆளு வேணும்” என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மூன்றாவது சுற்றில் 330 கிராம் போதும். கீழே தொங்கும் கயிற்று வாலின் எடையே அதைப் பிடித்து நிறுத்திவிடும். கிளையைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றா, ஒன்றரையா, இரண்டா என்று முடிவு செய்வதில்தான் அவருடைய முப்பது வருட அனுபவம் இருக்கிறது.

இந்தக் கணக்கை எழுதிவைத்தவர்களில் முதல் பெயர் 18ஆம் நூற்றாண்டின் சுவிஸ் கணித மேதை லியோனார்டு ஆய்லர், இன்னொரு பெயர் ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டல்வைன். அவர்களுடைய சமன்பாட்டில் ஓர் ஆச்சரியம் உண்டு: மரத்தின் பருமன் அதில் எங்கேயும் வராது. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய புளியமரமும் என் மூங்கில் கழியும், சொரசொரப்பு ஒன்றாக இருந்தால், ஒரு சுற்றுக்கு ஒரே அளவுதான் பிடிக்கும். பெரிய மரத்தில் கயிறு அதிக நீளத்துக்குத் தொடுகிறதே என்று தோன்றும். தொடுகிறதுதான், ஆனால் வளைவு தளர்வாக இருப்பதால் ஒவ்வொரு விரற்கடையும் மெதுவாகத்தான் அழுத்துகிறது. சின்னக் கழியில் தொடும் நீளம் குறைவு, அழுத்தம் அதிகம். இரண்டையும் பெருக்கினால் ஒன்றேதான். கயிறு எத்தனை டிகிரி திரும்பியது என்பது மட்டுமே கணக்கு. எருது விடும் விழாவில் ஒரு பொடியன் சின்ன முளைக்கம்பத்தில் வடத்தைச் சுற்றிக்கொண்டு, தன்னைவிடப் பல மடங்கு பலமுள்ள காளையைச் சாவகாசமாகப் பிடித்து நிற்பது இதனால்தான். முளை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

கவட்டைக்குப் பதில் நல்ல கப்பி ஒன்றை மாட்டினால் வேலை சுலபமாகுமே என்று சிலர் கேட்கலாம். கப்பி உராயாது. ஆகவே கயிற்றின் இரண்டு பக்கமும் 200, 200. கப்பி மாட்டிய கிளை 400 கிலோவைத் தாங்க வேண்டும். கவட்டையில் போட்டால் ஒரு பக்கம் 200, மறுபக்கம் 80, மொத்தம் 280தான். மேலே இருக்கிறவர் தன் இடுப்புக் கயிற்றையும் அதே மரத்தில்தான் கட்டியிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த 120 கிலோ வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் கிளை மெதுவாக இறங்கும்போதுதான். அறுபட்ட கிளை 1 மீட்டர் சும்மா விழுந்து, அப்புறம் கயிறு சட்டென்று பிடித்து 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால், கயிற்றில் வரும் இழுவை கிளையின் எடையைப் போல் 11 மடங்கு. 200 கிலோ கிளை 2,200 கிலோவாகிவிடும். அதையே 1 மீட்டர் ஓடவிட்டு நிறுத்தினால் 2 மடங்கோடு போயிற்று. நம் ஊரில் பிள்ளை வளர்ப்பதற்கும் மாடு மேய்ப்பதற்கும் சொல்லும் ‘விட்டுப் பிடி’ இங்கே நேரடி இயந்திரவியல்.

கிளை இறங்கும்போது உராய்வு தின்கிற ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாகிறது. 200 கிலோ 6 மீட்டர் இறங்கினால் சுமார் 11,800 ஜூல். ஒரு டீ கிளாஸ் அளவு, அதாவது 100 மில்லி தண்ணீரை 28 டிகிரி சூடாக்க அது போதும். கேட்க ரொம்பச் சாதுவாக இருக்கிறது. ஆனால் அது சில நொடிகளில் கயிற்றின் மேல்தோலிலும் உள்ளங்கை அகலப் பட்டையிலும் இறங்குகிறது. அதிலும் 200 கிலோவை 80 ஆக்குவது கவட்டை. ஆகவே ஐந்தில் மூன்று பங்கு சூடு அங்கேதான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு 160 டிகிரி சொச்சத்தில் உருகும், நைலான் 220 பக்கம். தேங்காய்நார் உருகாது, கருகும். ஓடும் கயிறு அசையாமல் நிற்கும் இன்னொரு நைலான் கயிற்றின் மேல் உரசினால், ஒரே இடத்தில் சூடு ஏறி நின்ற கயிறு கத்தி வைத்ததுபோல் அறுந்துவிடும். நின்ற கயிறு ஏறியவரின் இடுப்புக் கயிறாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரத்துக்கும் இது வலிதான். பட்டைக்கு அடியிலேயே வளரும் திசு மெல்லிய ஏடாக இருக்கிறது, தேய்ந்தால் அந்த இடம் செத்துவிடும். கழித்துவிட்டு வைத்துக்கொள்ளப்போகிற மரம் என்றால் கவட்டையில் ஒரு சாக்கையாவது மடித்துப் போடச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் என் பழைய புலம்பலையும் சேர்த்துக்கொள்கிறேன். ட்ரோனுக்கும் ரோபோவுக்கும் கல்லூரிகளில் நிதி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புளியம்பட்டையில், வேம்பில், மாவில், ஈரத்தில், காய்ந்த நிலையில் எந்தக் கயிறு எத்தனை மடங்கு பிடிக்கும் என்று ஒரு பாலிடெக்னிக் மாணவர் தராசும் கயிறுமாக ஒரே வாரத்தில் அளந்துவிடலாம். செலவு சில நூறு ரூபாய். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புளி உலுக்கவும் தேங்காய் பறிக்கவும் கிளை கழிக்கவும் ஏறுகிற எல்லோருக்கும் அந்த ஓர் அட்டவணை உதவும். அதோடு ஆளுக்கொரு இடுப்பு வாரும் தலைக்கவசமும் கொடுத்தால் இன்னும் நல்லது.

வாசகர் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: பெரியவர் கயிற்றை வலமாகத்தான் சுற்றினார், அதற்கும் காரணம் உண்டா? ஆய்லரின் சமன்பாட்டுக்கு இடமும் வலமும் ஒன்றுதான். ஆனால் கடையில் வாங்கும் முப்புரி வடம் பெரும்பாலும் வலமுறுக்கு. வலமாகச் சுற்றினால் முறுக்கோடு ஒத்துப் படியும், இடமாகச் சுற்றினால் சுருண்டு முடிச்சு விழப்பார்க்கும். காரிமங்கலத்துக்காரரிடம் இதையும் கேட்டிருந்தேன். “சாமியை யாராவது இடமாச் சுத்துவாங்களாங்க?” என்றார். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நாலடி நடந்தவர், திரும்பிப் பார்த்து, “அதுவும் இல்லாம, கயிறு முறுக்கிக்கும்” என்றார்.